ஐந்து லிட்டரிலிருந்து இருபதுக்கு

நாலு வருஷமாக கேஸ் அடுப்பில் ஐந்து லிட்டர் குண்டானை வைத்துத்தான் கொம்புச்சா, அதாவது புளிக்கவைத்த இனிப்புத் தேநீர், போட்டேன். போன மாதம் முப்பது லிட்டர் எலக்ட்ரிக் பாய்லர் வந்தது. எவர்சில்வர் உடம்பு, அடியில் குழாய், 3000 வாட்.

230 வோல்ட்டில் அது 13 ஆம்பியர் இழுக்கும். வயரிங் பார்க்க வந்த தம்பி, "அக்கா, தனி லைனும் 16 ஆம்பியர் பிளக்கும் போட்டாத்தான் ஆகும். எர்த்து சரியா இல்லாம தொடாதீங்க" என்றார். அப்படியே செய்தோம்.

எங்கள் குன்னூர் வீட்டில் மாலையானால் வோல்டேஜ் 190-க்கு இறங்கிவிடும். அப்போது இதே பாய்லர் 2000 வாட் அளவுக்குத்தான் சூடு தரும். அதனால் விடியற்காலையில் போடுகிறேன். இருபது லிட்டர் பச்சைத் தண்ணீர் முக்கால் மணி நேரத்தில் தளதளவென்று கொதிக்கிறது. இந்த உயரத்தில் 94 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். தேயிலைக்கு அதுவே போதும்.

120 கிராம் நீலகிரித் தூள், 1.4 கிலோ சர்க்கரை. மூடி திறந்ததும் சமையலறை முழுக்க தேயிலை ஃபேக்டரி வாசம்! நன்றாக ஆறிய பிறகுதான் பழைய கொம்புச்சா இரண்டு லிட்டரும் தாய் ஆடையும் (புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் சேர்ந்த படலம்) சேர்க்க வேண்டும். சூட்டில் போட்டால் செத்துவிடும்.

மார்கழிக் குளிரில் புளிக்க மூன்று வாரம் ஆனது. இப்போது ஜாடிகளைச் சுற்றி ஹீட்டிங் பெல்ட் கட்டி 26 டிகிரியில் வைக்கிறேன். பன்னிரண்டாம் நாள் காலையில் ருசி பார்த்தேன். அளவான புளிப்பு. அடுத்து பிளம்ஸ் சீசன் வரட்டும்.