வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால்

ஒரு மின்கருவியின் இரு முனைகளுக்கு இடையிலான மின்னழுத்தத்தையும் அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்துவிட்டால், முன்னதைப் பின்னதால் வகுத்து மின்தடையையும், இரண்டையும் பெருக்கி மின்திறனையும் பெற்றுவிடலாம். முதல் கணக்கு ஜார்ஜ் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியை நினைவூட்டுவது. இரண்டாவதற்கு அந்த விதியே தேவையில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

12 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் இழுக்கும் இழை பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். திறன் 21 வாட். தடை ஏறத்தாழ 6.9 ஓம். அதே பல்பைக் கழற்றி, ஆறவிட்டு, மல்ட்டிமீட்டரால் அளந்தால் ஒரு ஓம்கூடத் தேறாது. மீட்டரைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. டங்ஸ்டன் இழை வெண்சூடாகும்போது அதன் தடை பத்து மடங்குக்கு மேல் உயர்வதே காரணம். சுவிட்சைப் போடும் கணத்தில் மின்னோட்டம் பல மடங்காகப் பாய்வதும், நாள்பட்ட பல்புகள் பெரும்பாலும் அப்போதே உயிரை விடுவதும் இதனால்தான். ஆறிய பல்பின் தடையை வைத்துத் திறனைக் கணக்கிட்டாலோ, விடை நூறு வாட்டைத் தாண்டி நிற்கும்.

மாறுதிசை மின்சாரத்தில் ஓடும் மோட்டாருக்கு இந்தப் பெருக்கல் அப்படியே பொருந்தாது. அங்கே, அந்தப் பெருக்குத்தொகையில் எவ்வளவு பங்கு உண்மையான திறன் என்பதைக் காட்டும் திறன் காரணியையும் சேர்த்துப் பெருக்கினால்தான் உண்மையான வாட் கிடைக்கும்.