விழுப்புரத்தைத் தாண்டிய மழை இரவு

நேற்று முன்தினம் இரவு சென்னையிலிருந்து மதுரைக்குத் தனியார் பேருந்தில் வந்தேன். விழுப்புரத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டுமே மங்கலாகத் தெரிந்த சாலையில், ஓட்டுநர் ஒரு கையில் கைப்பேசியோடு இடப்பக்கம் புகுந்து முந்திக்கொண்டே சென்றார். வைப்பர் கண்ணாடியில் தேய்ந்ததே தவிர, தண்ணீரை வழிக்கவில்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும் என்பதும், நனைந்த சாலையில் பிரேக் பிடித்தால் நிற்பதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும் என்பதும், அன்றாடம் இதே வழியில் ஓட்டுபவருக்குத் தெரியாமலா இருக்கும்?

பொறுக்க முடியாமல் எழுந்துபோய், “அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க, குழந்தைங்க இருக்காங்க” என்றேன்.

“ஆறு மணிக்குள்ள மாட்டுத்தாவணி போகலைன்னா முதலாளிக்கு யாரு சார் பதில் சொல்றது?”

அவர் கண்கள் சிவந்திருந்தன. முந்தைய இரவும் அவரே ஓட்டியிருக்கிறார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களின் வேலை நேரத்துக்கு 1961ஆம் ஆண்டிலேயே சட்டம் வரம்பு வகுத்திருக்க, இரவுக்கு இரவு ஒரே மனிதரை உட்காரவைப்பவர்கள் மீதுதான் எனக்குக் கூடுதல் கோபம். உளுந்தூர்பேட்டையில் தேநீருக்கு நிறுத்தியபோது முகம் கழுவிவந்தவர், அதன்பிறகு கைப்பேசியைத் தொடவில்லை, வேகமும் குறைந்தது. மதுரையில் இறங்கும்போது மணி ஏழேகால். தாமதம் என்று ஒரு பயணிகூட முணுமுணுக்கவில்லை.