ஹசெகாவாவின் ஐந்து தோல்விகள்

ஜப்பானியக் குத்துச்சண்டை வீரர் ஹோசுமி ஹசெகாவா மொத்தம் 41 சண்டைகள் போட்டார். 36 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தைப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுகிறார்.

முதல் இரண்டும் தொழில்முறைக்கு வந்த புதிதில் விழுந்தவை. முதல் ஐந்து சண்டைக்குள் இரண்டு தோல்வி என்றால், இவர் மேல் யார் பணம் கட்டியிருப்பார்கள்? இடக்கைக்காரர், வேகம் உண்டு, குத்தில் பெரிய இடி கிடையாது.

2005 ஏப்ரலில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் எதிரே நின்றவர் தாய்லாந்தின் வீராபோல். ஜப்பான் தலையில் வைத்துக் கொண்டாடிய தத்சுயோஷியை இரண்டு முறை சாய்த்தவர். இன்னொரு ஜப்பானியரான நிஷியோகா நான்கு முறை மோதியும் அவரிடமிருந்து பெல்ட்டைப் பறிக்க முடியவில்லை. ஹசெகாவா புள்ளிக்கணக்கில் பறித்தார். அப்புறம் அந்த டபிள்யூபிசி (உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில்) பான்டம்வெயிட் எடைப்பிரிவுப் பட்டத்தைப் பத்து முறை காப்பாற்றினார்.

மூன்றாவது தோல்விதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2010 ஏப்ரல் 30, அதே புடோகான், எதிரே மெக்சிகோவின் மொன்டியல். நான்காவது ரவுண்ட் முடியச் சில நொடிகளே இருந்தன. இடது கையால் பக்கவாட்டில் வளைத்து ஒரு குத்து, ஹூக். கயிற்றோடு ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்து வாங்கினார், நடுவர் நிறுத்திவிட்டார். தாடை எலும்பு முறிந்திருந்தது.

அந்த அக்டோபரில் அம்மா இறந்தார். நவம்பரில் இரண்டு எடைப்பிரிவு மேலே போய், ஃபெதர்வெயிட்டில் புர்கோஸை வென்று மறுபடி சாம்பியன். வழக்கமாக விலகி விளையாடுகிறவர், அன்று நின்று அடித்தார். அது புத்திசாலித்தனமான ஆட்டம் இல்லை. பிடித்துப்போனதற்குக் காரணமும் அதுவே.

அந்த பெல்ட்டும் ஐந்து மாதத்தில் ஜானி கோன்சாலஸிடம் போனது. 2014-இல் கிகோ மார்டினெஸ் ஏழாவது ரவுண்டில் முடித்துவைத்தார். அத்தோடு விட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

விடவில்லை. 2016 செப்டம்பர், ஒசாகா, வயது 35. ஒன்பதாவது ரவுண்டில் ஹூகோ ரூயிஸ் கயிற்றில் சாத்திவைத்து அடிக்க, இவர் முதுகைக் கயிற்றில் வைத்தபடியே திருப்பிக் கொடுத்தார். பத்தாவதுக்கு ரூயிஸ் ஸ்டூலை விட்டு எழவே இல்லை. மூன்றாவது எடைப்பிரிவிலும் உலகப் பட்டம்.

டிசம்பரில், சாம்பியனாக இருக்கும்போதே ஓய்வை அறிவித்தார். ரூயிஸ் சண்டையின் வீடியோவைத் தேடினால் நேராக ஒன்பதாவது ரவுண்டுக்குப் போங்கள். முந்தைய எட்டைத் தாண்டினாலும் பாதகமில்லை.