கேஸ் வாஷரும் 120 கிலோவாட் ரேக்கும்

வீட்டில் சிலிண்டர் மாற்றும்போது ரெகுலேட்டரைக் கழற்றினால் 'புஸ்' என்று ஒரு சத்தம் வந்து அடங்குமே, அந்தப் 'புஸ்'ஸை ஒழிக்கத்தான் ஓசூரில் ஐந்து மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம் என்றால் என் மனைவி சிரிக்கிறாள். விஷயம் அதேதான். சிலிண்டர் வாயில் ஒரு ஊசி, ரெகுலேட்டர் உட்கார்ந்தால் அமுங்கி வழிவிடும், எடுத்தால் ஸ்பிரிங் தள்ளி மூடிவிடும், நடுவில் ஒரு ரப்பர் வாஷர். டேட்டா சென்டரில் சர்வருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயைச் சட்டென்று மாட்டிக் கழற்ற ஒரு இணைப்பு உண்டு, குவிக் கப்ளிங் என்பார்கள், அதுவும் இதே வகையறா. ஆனால் அதில் இரண்டு பக்கமும் தானாக மூடிக்கொள்ள வேண்டும், மூடிய முகம் தட்டையாக இருக்க வேண்டும். கழற்றிய இடத்தில் லேசாக ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. கீழே இருப்பது பல லட்ச ரூபாய் போர்டு.

ஃபேன் போதாதா என்று கேட்காத ஆள் இல்லை. என்விடியாவின் ஜிபி200 என்விஎல்72 ரேக், அதாவது ஏஐ சர்வர்களை அடுக்கிய அலமாரி, ஒன்று சுமார் 120 கிலோவாட் இழுக்கிறது. 2 கிலோவாட் இண்டக்‌ஷன் அடுப்பு அறுபதை ஒரே பீரோவுக்குள் அடுக்கி, எல்லாவற்றையும் முழுசாக எரியவிட்ட மாதிரி. அந்தச் சூட்டைக் காற்றால் வெளியே தள்ள, காற்று 10 டிகிரி சூடாகலாம் என்று வைத்துக்கொண்டால், ஒரு தண்ணி லாரி கொள்ளும் அளவு காற்று ஒவ்வொரு நொடியும் ஓட வேண்டும். தண்ணீர் என்றால் நிமிடத்துக்கு 170 லிட்டர், பத்துப் பதினோரு குடம், அவ்வளவுதான். புதுசும் இல்லை. ஐபிஎம் 1960களிலேயே தன் பெரிய கணினிகளைத் தண்ணீரால் குளிரவைத்தது, 1985-ல் வந்த க்ரே-2 ஒரு திரவத்துக்குள் மூழ்கியே ஓடியது.

அந்த ரேக்கில் கணக்குப் போடும் சிப்புகள் உட்காரும் தட்டு 18, அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச் தட்டு 9. தட்டுக்குத் தண்ணீர் உள்ளே போக ஒன்று வெளியே வர ஒன்று என்று குறைந்தபட்சமாக வைத்தாலும் 54 இணைப்பு. ஒரு ஹாலில் நூறு ரேக் நின்றால்? கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினில் உலோகம் கடையும், எங்களைப் போன்ற சின்ன சி.என்.சி. பட்டறைக்கு ஆசை வராமல் என்ன செய்யும். டேட்டா சென்டர் சாமான்களுக்குப் பொது அளவுமுறை வகுக்கும் ஓப்பன் கம்ப்யூட் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு இதற்கென்று யு.க்யூ.டி. என்று ஒரு அளவுமுறையே வைத்திருக்கிறது, அரைக்கால் (1/8) இன்ச் தொடங்கி அரை இன்ச் வரை, யார் செய்ததும் யார் செய்ததோடும் மாட்ட வேண்டும் என்பதுதான் கணக்கு. இதுவரை வண்டிக் கம்பெனிகளுக்கு பிரேக் பார்ட்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தோம். மைக்ரான் கணக்கில் அளவு பார்ப்பது எங்களுக்குப் பழக்கம். ஆர்டரை எடுத்தோம்.

வாங்குகிற கம்பெனிக்கு சாம்பிள் 40 போச்சு. 11 திரும்பி வந்தது.

"அளவெல்லாம் கரெக்ட்டா இருக்கு தம்பி, எதுக்கு அனுப்பிச்சான்?" என்றார் எங்கள் ஃபோர்மேன் அண்ணன். அளந்து பார்த்தேன், உண்மைதான். நாங்கள் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கி, குமிழி வரவில்லை என்று பார்த்து அனுப்பியிருந்தோம். அவர்கள் ஹீலியம் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். குமிழியாக வராத கசிவையும் ஹீலியம் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். குறுக்கே போட்ட துளையின் விளிம்பில் மீன் செதில் மாதிரி ஒரு பிசிறு, பாதி ஒட்டியும் பாதி பிய்ந்தும். பிய்ந்த பாதி, கசிவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டிருந்தது. பிரேக் பார்ட்டாக இருந்தால் அந்தச் செதிலை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

அன்றைக்கு ராத்திரி அப்பா பாலக்கோட்டிலிருந்து போன் பண்ணினார், ஒன்றரை ஏக்கர் தக்காளியில் சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போட்ட டிரிப்பரில் பாதி அடைத்துவிட்டதாம். எங்கள் பக்கத்து போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், குழாய் வாயில் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும், டிரிப்பர் மாட்டிய லேட்டரல் குழாயை ஆசிட் விட்டு அலச வேண்டும். ஸ்க்ரீன் ஃபில்டரைக் கழுவினீர்களா என்றேன். இல்லை. எங்களுக்கும் அதுதான் நடந்தது என்று அப்போதுதான் உறைத்தது. சிப் மேல் உட்காரும் கோல்ட் பிளேட்டுக்குள் செம்புத் துடுப்புகளுக்கு நடுவே இருக்கும் சந்து தலைமுடி தடிமன்தான். எங்கள் செதில் அங்கே போய் நின்றால் டிரிப்பர் அடைத்த செடி கதைதான், வாடுவது சிப். அதனால்தான் போர் தண்ணீரெல்லாம் அங்கே செல்லாது. சுத்திகரித்த தண்ணீரில் கால்வாசி ப்ரொப்பிலீன் கிளைக்கால் கலந்து விடுகிறார்கள், முக்கியமாகப் பாசியும் கிருமியும் வளராமல் இருக்க. நான் பித்தளையில் செய்தால் விலை குறையுமே என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன், துத்தநாகம் கரைந்து வரும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். ஸ்டெயின்லெஸ்தான்.

அப்பாவின் சந்தேகம் வேறு. "அந்தக் கம்பெனிங்க ஊர் தண்ணியெல்லாம் குடிச்சிடுமாமேடா?" நியாயமான கேள்வி, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிற ஊர்க்காரர் கேட்கத்தான் செய்வார். சர்வருக்குள் சுற்றுவது கார் ரேடியேட்டர் மாதிரி அதே தண்ணீர்தான் திரும்பத் திரும்ப. வெளியே கூலிங் டவர் வைத்து ஆவியாக விட்டால்தான் குடிக்கும். சிப்புக்குப் பனி மாதிரி தண்ணீர் வேண்டியதில்லை, குளிரூட்டல் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரேயின் வகைப்பாட்டில் 45 டிகிரி தண்ணீருக்கே ஒரு வகுப்பு உண்டு. மே மாதம் கிருஷ்ணகிரியில் மத்தியானம் மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்தால் கை சுடுமே, கிட்டத்தட்ட அந்தச் சூடு. அவ்வளவு சூட்டில் ஓட்டினால் நம் வெயிலிலும் வருஷத்தில் பெரும்பாலான நாள் டவர் இல்லாமல் வெறும் ஃபேன் ரேடியேட்டரே போதும். இதை ஏன் யாரும் உரக்கச் சொல்வதில்லை என்று எனக்கு எரிச்சல்.

சரி, பட்டறைக் கதைக்கு வருகிறேன். இப்போது துளை விளிம்பு ஒவ்வொன்றையும் பிரஷ் போட்டுப் பிசிறு எடுத்து, அல்ட்ராசானிக் தொட்டியில் கழுவி, கண்ணாடி போட்ட தனி அறையில்தான் ஓ-ரிங் மாட்டுகிறோம். செருப்புக்கு அங்கே அனுமதி இல்லை. ஃபோர்மேன் அண்ணன் முதலில் முனகினார், இப்போது கையுறை இல்லாமல் யாராவது உள்ளே போனால் அவர்தான் முதலில் கத்துகிறார். இரண்டாவது 40 வியாழக்கிழமை போயிருக்கிறது. முடிவு வரவில்லை.

அப்பா ஃபில்டரைக் கழுவிவிட்டாராம்.