கேள்வி எழுதப்படும் இடத்தில் நோயாளி

முடக்குவாதம் என்று நாம் சொல்லும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் நோய்க்கான மருந்துச் சோதனைகளில் எவற்றையெல்லாம் கட்டாயம் அளக்க வேண்டும் என்று மூட்டுநோய் வல்லுநர்கள் 1990-களின் தொடக்கத்தில் கூடிப் பேசி ஒரு பட்டியலை வகுத்தார்கள். தொட்டால் வலிக்கும் மூட்டுகள் எத்தனை, வீங்கிய மூட்டுகள் எத்தனை, வலி எவ்வளவு, அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா, நோயின் நிலையைப் பற்றி நோயாளி என்ன நினைக்கிறார், மருத்துவர் என்ன நினைக்கிறார், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் அளவுகளான இ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. எவ்வளவு என்பவை அதில் இருந்தன. இந்த நோய்க்கே தங்கள் பணிக்காலத்தைக் கொடுத்தவர்கள் வகுத்த பட்டியல் அது. அவர்களுடைய அக்கறையை ஐயுற எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அதில் அசதி இடம்பெறவில்லை.

என் அக்காவுக்கு இந்த நோய் பல ஆண்டுகளாக இருக்கிறது. விரல் வீக்கத்தையும் காலை நேரத்து இறுக்கத்தையும் ஒருவாறு சமாளித்துவிடலாம், குளித்து முடிப்பதற்குள் அன்றைய தெம்பெல்லாம் தீர்ந்துபோவதைத்தான் தாங்க முடியவில்லை என்று அவள் வீட்டில் சொல்லிக்கொண்டே இருப்பாள். மருத்துவரிடம் போனால் விரல்களைக் காட்டுவாள், வலியைச் சொல்வாள்; அசதியைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். கேட்டால், "அதுக்கு அவர் என்ன செய்ய முடியும்?" என்பாள். வலிக்கு மாத்திரை உண்டு, வீக்கத்துக்கு ஊசி உண்டு, அசதிக்கு ஒன்றும் இல்லை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

அவளைப் போலவே உலகெங்கும் பலர் இருந்திருக்கிறார்கள் என்பது பின்னர் தெரியவந்தது. மூட்டுநோய் ஆய்வுகளில் எதை, எப்படி அளப்பது என்று விவாதிப்பதற்காக ஓமெராக்ட் என்ற பன்னாட்டு அமைப்பு உண்டு. 1992-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் முதன்முறையாகக் கூடிய அந்த அமைப்பு, 2002-இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் கூடியபோது முதன்முறையாக நோயாளிகளையும் அழைத்தது. வல்லுநர்கள் நிறைந்திருந்த அந்தக் கூட்டத்தில் முடக்குவாதம் உள்ள 11 பேர் அமர்ந்தார்கள். சிகிச்சை பலன் தருகிறது என்பதை நீங்கள் எதைக்கொண்டு அறிகிறீர்கள் என்று அவர்களிடம் கேட்கப்பட்டபோது அசதியும் உறக்கமும் உடல் நலமாக இருக்கிறது என்ற பொதுவான உணர்வும் பேச்சில் வந்தன. அதற்கடுத்த ஆண்டுகளில் அசதியை அளக்கும் முறைகள் சோதிக்கப்பட்டு, 2006-இல் மால்டாவில் நடந்த கூட்டத்தில், இனி முடக்குவாத ஆய்வுகளில் இயன்றவரை அசதியையும் அளக்க வேண்டும் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் செவிலியர் துறைப் பேராசிரியர் சாரா ஹியூலெட்டும் அவருடைய குழுவினரும் நோயாளிகளிடம் நேரில் பேசி 2005-இல் வெளியிட்ட ஆய்வு, இந்த அசதி எப்படிப்பட்டது என்பதை நோயாளிகளின் வாய்மொழியாகவே பதிவு செய்தது. அது வேலை செய்து களைத்தவரின் அசதியைப் போன்றதன்று. காரணமின்றி வந்து ஆளைச் சாய்த்துவிடும், ஓய்வெடுத்தாலும் தீராது, மருத்துவரிடம் சொன்னால் பெரும்பாலும் கண்டுகொள்ளப்படாது என்று அவர்கள் சொல்லியிருந்தார்கள். நோயாளிகளைக் கூட வைத்துக்கொண்டே அதை அளப்பதற்கான வினாத்தாள்களைக் குழு உருவாக்கியது. அங்கிருந்து, அசதியோடு வாழ்வதைக் கற்பிக்கும் குழுப்பயிற்சி ஒன்று வளர்ந்தது. மருத்துவமனைகளின் செவிலியர்களும் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் அதை நடத்த முடியுமா, அதனால் அசதியின் பாதிப்பு குறைகிறதா என்று பிரிட்டனின் பல மருத்துவமனைகளில் சோதித்து 2019-இல் முடிவுகள் வந்தன: குறைகிறது. ஒன்றும் செய்ய முடியாது என்று என் அக்கா நினைத்துக்கொண்டிருந்த ஒன்றுக்குச் செய்யக்கூடியது இருந்திருக்கிறது. யாரும் அளக்காததால் யாரும் தேடவில்லை.

ஆய்வில் நோயாளிகளையும் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்வது பற்றி யார் பேசினாலும் நான் இந்த எடுத்துக்காட்டிலிருந்துதான் தொடங்குவேன். மருந்துச் சோதனையில் ஆளாகச் சேர்ந்து ரத்தம் கொடுப்பதும் படிவத்தில் கையெழுத்திடுவதும் வேறு. எதை ஆராய வேண்டும், எதை அளக்க வேண்டும், எத்தனை முறை ஒரு மனிதரை மருத்துவமனைக்கு வரச் சொல்லலாம், முடிவை யாருக்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்பவற்றைத் தீர்மானிக்கும் மேசையில் அந்த நோயோடு வாழ்பவரும் அமர்வது வேறு. பிரிட்டனில் 1996-லிருந்து இதற்கென்றே அரசு ஆதரவு பெற்ற அமைப்பு இருந்துவருகிறது. நோயாளிகளின் பங்கு என்ன என்பதை விளக்காமல் பொது நிதி பெறுவது அங்கே இன்று கடினம். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2014 முதல், ஆய்வுக் கட்டுரை எழுதுவோரிடம், உங்கள் ஆய்வில் நோயாளிகளின் பங்கு என்ன என்று கேட்டு, அதைக் கட்டுரையிலேயே எழுதச் சொல்கிறது.

இந்த உரிமை யாருடைய பெருந்தன்மையாலும் வந்ததன்று என்பதையும் சொல்ல வேண்டும். 1983-இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் எய்ட்ஸ் நோயாளிகள் கூடி, தங்களைப் பற்றிய முடிவுகள் எடுக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று அறிக்கை விடுத்தார்கள். அப்போது அவர்களை அதிகமாகக் கொன்றது நிமோசிஸ்டிஸ் என்ற ஒருவகை நிமோனியா. அதை முன்கூட்டியே மருந்து கொடுத்துத் தடுக்கலாம் என்று நியூயார்க்கில் அவர்களுக்குச் சிகிச்சையளித்த ஜோசப் சொன்னபெண்ட் போன்ற மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். இதற்கு வழிகாட்டுக் குறிப்பு வெளியிடுமாறு, தானும் நோயாளியான மைக்கேல் கேலன் 1987-இல், அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் தொற்றுநோய் ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்த அந்தோணி ஃபௌசியிடம் கேட்டபோது, போதிய ஆய்வுச் சான்று இல்லை என்ற பதில் கிடைத்தது. அப்படியானால் சான்றை நாமே உண்டாக்குவோம் என்று நோயாளிகளும் அவர்களுடைய மருத்துவர்களும் நியூயார்க்கிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் தங்கள் பகுதிச் சிகிச்சை நிலையங்களிலேயே, பென்டமிடின் மருந்தை மூச்சில் இழுத்துக்கொள்ளும் முறையை ஆராய்ந்தார்கள். அந்தத் தரவுகளின் அடிப்படையில் 1989-இல் அமெரிக்க அரசு அந்த முறைக்கு ஒப்புதல் அளித்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் அந்த நிமோனியாவால் இறந்தவர்களை நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. அடுத்த ஆண்டு மே மாதத்தில் தேசிய நலவாழ்வு நிறுவன வளாகத்தை ஏறத்தாழ ஆயிரம் பேர் முற்றுகையிட்டார்கள். அதன் பிறகு எய்ட்ஸ் ஆய்வுக் குழுக்களில் நோயாளிகளுக்கு இருக்கைகள் கிடைத்தன. ஃபௌசியே அதை ஆதரித்தார் என்பதும் பதிவில் உள்ளது.

அமெரிக்காவில் நடந்தது உயிர்ப் போராட்டம். பிரிட்டனில் அதே வேலை அமைதியாக, கணக்கெடுப்பிலிருந்து தொடங்கியது. பிரிஸ்டலைச் சேர்ந்த டாலன், சார்ட், டீப் ஆகிய மூவர் 2000-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஒரு சிறிய கட்டுரையை நான் பலருக்கும் படிக்கக் கொடுத்திருக்கிறேன். முழங்கால் மூட்டுத் தேய்மானம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மருந்தையும் அறுவை சிகிச்சையையும் பற்றியவையாக இருந்தன. இந்த நோய் உள்ளவர்களிடம் எதைப் பற்றி ஆராய வேண்டும் என்று கேட்டபோதோ, மருந்து பற்றிய ஆய்வு இன்னும் வேண்டும் என்று சொன்னவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நோயோடு எப்படி வாழ்வது என்ற அறிவுரையும் மூட்டு மாற்று பற்றிய தெளிவும் அவர்கள் கேட்டவற்றில் முன்னின்றன.

இந்த இடைவெளியை அடைக்க 2004-இல் ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் தொடங்கப்பட்டது. 1747-இல் கப்பல் மாலுமிகள் 12 பேரிடம் ஸ்கர்வி நோய்க்கான மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவரின் பெயர் அது. இந்த அலையன்ஸின் முறை எளிமையானது. ஒரு நோயை எடுத்துக்கொண்டு, அதோடு வாழ்பவர்கள், அவர்களைப் பராமரிப்பவர்கள், சிகிச்சையளிப்பவர்கள் எல்லோரிடமும் விடை தெரியாத கேள்விகளைக் கேட்டு வாங்குகிறார்கள். ஏற்கெனவே விடை இருப்பவற்றை விலக்குகிறார்கள். எஞ்சியவற்றை நோயாளிகளும் மருத்துவர்களும் ஒரே அறையில் அமர்ந்து விவாதித்து, முதன்மையான பத்துக் கேள்விகளாகச் சுருக்குகிறார்கள். மருந்து நிறுவனங்களுக்கு அந்த விவாதத்தில் இடமில்லை. ஆஸ்துமாவில் தொடங்கிய இந்த முறை பின்னர் பல நோய்களுக்கும் விரிந்தது.

இதையெல்லாம் கேட்கும் ஆய்வாளர்கள் எழுப்பும் மறுப்புகளில் ஒன்றை நான் மதிக்கிறேன். கூட்டத்திற்கு வரும் நோயாளி யாருடைய சார்பாக வருகிறார்? படித்தவர், ஓய்வு பெற்றவர், நன்றாகப் பேசத் தெரிந்தவர்தான் வருகிறார். தினக்கூலியை விட்டுவிட்டு வர முடியாதவர் வருவதில்லை. இது உண்மை. பிரிட்டனிலும் இதே குறை சொல்லப்படுகிறது. அதற்கு விடை, வருபவரின் நேரத்துக்கும் பயணத்துக்கும் பணம் கொடுப்பதும், கூட்டத்தை அவர் இருக்கும் இடத்தில் வைப்பதும், ஒருவரை மட்டும் அழைத்து அழகுக்கு உட்காரவைக்காமல் நாலைந்து பேரை அழைப்பதும் ஆகும். எல்லோரையும் அழைக்க முடியாதென்பதால் யாரையும் அழைக்காமல் இருப்பதை நான் ஏற்கவில்லை. இதனால் ஆய்வுக்கு என்ன பயன் என்று கேட்போருக்கும் ஒரு விடை உண்டு. பல சோதனைகளை ஒன்றுதிரட்டிப் பார்த்து 2018-இல் வெளியான பகுப்பாய்வு, நோயாளிகளைக் கலந்தாலோசித்த ஆய்வுகளில் ஆட்கள் சேர்வது ஓரளவு கூடுகிறது என்றும், அழைக்கப்பட்டவர்கள் அந்த நோயை அனுபவித்தவர்களாக இருந்தால் கூடுதலாகப் பயன் இருக்கிறது என்றும் காட்டியது.

அவசரம் வந்தால் முதலில் கைவிடப்படுவதும் இதுதான். பிரிட்டனில் ஒப்புதலுக்கு வரும் ஆய்வுகளில் ஏறத்தாழ 80 விழுக்காட்டில் நோயாளிகளின் பங்கு இருந்தது. 2020-இல் கொரோனா பரவிய தொடக்க வாரங்களில் அது 22 விழுக்காடாக வீழ்ந்தது. ஒப்புதல் வழங்கும் அமைப்பே முன்வந்து பொதுமக்களை விரைவாக இணைத்துவிடும் ஏற்பாட்டைச் செய்த பிறகுதான் நிலைமை சீரானது.

நம் நாட்டில் நிலைமை என்ன? ஒரு மருத்துவ நிறுவனத்தில், ஆய்வுகள் நெறிப்படி இருக்கின்றனவா என்று பார்த்து ஒப்புதல் தரும் எத்திக்ஸ் கமிட்டியில் பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக நான் இருப்பதால் இதைப் பற்றிச் சிறிது சொல்ல முடியும். 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்துச் சோதனைகள் விதிகளின்படி, ஒவ்வொரு எத்திக்ஸ் கமிட்டியிலும் மருத்துவம் சாராத பொதுநபர் ஒருவரேனும் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப்பேர் அந்த நிறுவனத்தைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். இது நல்ல பாதுகாப்பு. நான் அதை மதிக்கிறேன். ஆனால் ஆய்வு எங்களிடம் வந்து சேரும்போது கேள்வி எழுதி முடிக்கப்பட்டிருக்கும், அளவுகோல்கள் முடிவாகியிருக்கும், நிதியும் பெரும்பாலும் உறுதியாகியிருக்கும். ஒப்புதல் படிவம் புரியும்படி இருக்கிறதா, பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு உண்டா என்று நான் கேட்கலாம். இந்தக் கேள்வி யாருக்கு வேண்டும் என்று கேட்க அது காலம் கடந்த இடம். தவிர, நான் அந்த நோய்களோடு வாழ்பவன் அல்லன்.

வேறு வழிகள் இங்கே அறவே இல்லாமலும் இல்லை. 2006-இல் சென்னையில் அப்போதைய காசநோய் ஆராய்ச்சி மையத்தில் எச்.ஐ.வி. தடுப்பூசியின் முதல்கட்டச் சோதனை நடந்தபோது சமூக ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. அதே நிறுவனத்திற்கு இதைவிடப் பழைய பெருமையும் உண்டு: காசநோயாளிகளை சானட்டோரியத்தில் வைக்காமல் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் குணமாகும், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது அது. சென்னையின் ஏழைக் குடும்பங்கள் தந்த ஒத்துழைப்பில் கிடைத்த அறிவு அது. எனினும், படுக்கைகள் போதவில்லையே என்ற திட்டமிடுவோரின் கேள்வியிலிருந்து அது பிறந்தது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்குப் போடப்பட்ட கனமைசின் ஊசியால் பிற்காலத்தில் செவித்திறனை இழந்தவர்களைக் கேட்டிருந்தால், அவர்கள் சொல்லும் முதல் கேள்வி வேறாக இருந்திருக்கும். சளியில் கிருமி அற்றுப்போனதா என்பதே வெற்றியின் அளவாக இருந்த ஆய்வுகளில், காது கேளாமை பக்கவிளைவுப் பட்டியலில் ஒரு வரியாகவே நின்றது. உலக நலவாழ்வு நிறுவனம் அந்த ஊசியைக் கைவிடச் சொல்லி, மாத்திரைகளை முன்னிறுத்தியது 2018-19-இல்தான்.

ஆய்வுக்கு முன்பும், நடக்கும்போதும், முடிந்த பின்பும் பங்கேற்போரோடும் அவர்களுடைய சமூகத்தோடும் பொருளுள்ள உறவு வேண்டும் என்று, மனிதர்களிடம் நடத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கான நெறிகளை உலக அளவில் வகுக்கும் ஹெல்சின்கிப் பிரகடனமே 2024-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சொல்லிவிட்டது. இங்கே அதைச் செய்யப் புதிய அமைப்பு ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுத்துவருகிறார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண் மதிய மாத்திரையை எப்போது போடுவது, நோன்பிருப்பவர் அளவை எப்படி மாற்றுவது, காலில் எரிச்சல் வந்தால் எத்தனை நாள் பொறுக்கலாம் என்ற கேள்விகள் முதலில் அவர்கள் காதில்தான் விழுகின்றன. ஒரு மாவட்டத்தில் ஆறு மாதம் அந்தக் கேள்விகளை எழுதி வாங்கி, ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் செய்வதைப் போல விடை உள்ளவற்றை நீக்கிவிட்டு, ஓ.பி.யில் காத்திருக்கும் நோயாளிகள் பத்துப் பேரையும் மருத்துவர்கள் சிலரையும் அன்றைய கூலியும் பேருந்துக் கட்டணமும் கொடுத்து ஒரு நாள் உட்காரவைத்தால், சர்க்கரை நோய் பற்றிய பத்துக் கேள்விகள் தமிழில் கிடைக்கும். முதுநிலை மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி அலைகிறார்கள். அந்தப் பத்தில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். எங்கள் கமிட்டியின் விண்ணப்பப் படிவத்தில், "இந்தக் கேள்வியைப் பற்றி எந்த நோயாளிகளிடம் பேசினீர்கள், அவர்கள் சொன்னதால் எதை மாற்றினீர்கள்?" என்ற ஒரு வரியைச் சேர்க்குமாறு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அது விவாதத்துக்கு வருகிறது.