அளைய ஒரு தாம்பாளம் கூழ்

கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குப் போகிற வயசு. அதனால் குழந்தை அளைந்து விளையாடக் கொடுப்பது எதுவானாலும், ஒரு வாய் உள்ளே போனாலும் பாதகமில்லாததாக இருக்க வேண்டும். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டாலே கடையில் விற்பதில் பாதி கழிந்துவிடும். பிடிமானம் இல்லாமல் உட்காரத் தொடங்கிய பிறகு, ஏறக்குறைய ஆறேழு மாதத்தில், ஆரம்பிக்கலாம்.

சுலபமானது அரிசி மாவுக் கூழ். 400 மில்லி பச்சைத் தண்ணீரில் 4 மேசைக்கரண்டி மாவைக் கரைத்துவிட்டு, அதன் பிறகு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் மேல்பக்கம் சட்டென்று வெந்து, உள்ளே பச்சை மாவு சிக்கிக்கொள்ளும். அந்தக் கட்டி பிறகு லேசில் உடையாது. சிறு தீயில் கைவிடாமல் கிண்டுங்கள். மாவின் வெள்ளை மங்கிப் பளபளப்பு வந்து, தோசை மாவைவிடச் சற்றுத் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். அடுப்பிலேயே பதம் பார்த்தால் தட்டுக்கு வரும்போது களியாகிவிடும், ஆறஆற இறுகுகிற சாமான் அது. இறுகினால் கொதித்து ஆறிய நீர் விட்டு மத்தால் கடைந்துகொள்ளலாம்.

மேலே ஆடை படிந்து ஆறினதுபோலத் தெரியும், நடுவில் சூடு ஒளிந்திருக்கும். அடிவரை கிண்டி, முன்கையில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்த பிறகே கொடுங்கள்.

நிறத்துக்குத் துருவிப் பிழிந்த பீட்ரூட் சாறு ஒரு டீஸ்பூன் போதும். மறுநாள் டயப்பர் சிவந்திருந்தால் பதறாதீர்கள், அது பீட்ரூட்டின் வேலையாக இருக்கலாம். மஞ்சள் தூள் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். துணியில் பட்டு சோப்பு போட்டால் கறை செக்கச்செவேலென்று மாறும். அலசி வெயிலில் காயப்போட்டால் வெளுக்கும். எந்த நிறமானாலும், குழந்தை ஏற்கெனவே சாப்பிட்டு ஒத்துக்கொண்ட பொருளில் மட்டும் எடுங்கள்.

விளிம்புள்ள எவர்சில்வர் தாம்பாளம் இதற்கென்றே செய்ததுபோல இருக்கும். வழுக்காமலிருக்க அடியில் ஈரத்துணி, அதற்கும் கீழே பழைய போர்வை. தூங்கி எழுந்து, பால் குடித்து ஒரு மணி நேரம் கழித்து, குளிக்க வைப்பதற்கு முன்னால் என்று வைத்துக்கொண்டால் வேலை மிச்சம். டயப்பர் மட்டும் போதும். பத்து நிமிடம் தாண்டினால் பெரும்பாலும் சிணுங்கல்தான். துண்டு எடுக்கக்கூட எழுந்து போகக் கூடாது; கைக்கெட்டும் தூரத்தில் முன்னாலேயே வைத்துவிடுங்கள்.

சில குழந்தைகள் தொட்டதும் விரலைச் சுருக்கிக்கொண்டு முகம் சுளிக்கும். கையைப் பிடித்து முக்குவது பெரிய தப்பு, அடுத்த முறை தட்டைக் கண்டாலே அழும். ஒரு கரண்டியைக் கொடுத்துவிட்டு நீங்கள் அளையுங்கள். கரண்டியில் ஒட்டினது எப்படியும் கைக்கு வந்துவிடும்.

சில சாமான்களை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். முதலாவது, தண்ணீரில் ஊறிப் பெருக்கும் ஜெல் மணி. விழுங்கினால் குடலுக்குள் பெருத்து அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் தெரியாது, அறுவை சிகிச்சை வரை போகும். உப்பைக் கொட்டிப் பிசைந்த விளையாட்டு மாவு இன்னொன்று: ஒரு கவளம் போனாலே குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஆபத்தான அளவுக்கு ஏறலாம். கோலப்பொடி, வேகாத கோதுமை மாவு, மூக்குக்குள் போகிற உளுந்து, பட்டாணி எதுவும் ஆகாது. ஒரு வயசு வரை தேன் ஒரு துளியும் கூடாது.

மிச்சக் கூழை ஸிங்க்கில் ஊற்றினால் குழாயில் படிந்து இறுகும், குப்பையில் போடுங்கள். டைல்ஸில் சிந்தினால் பனிக்கட்டிபோல வழுக்கும், அதனால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு முன் காலடியைத் துடையுங்கள். மற்றதையும் ஈரத்தோடு எடுத்துவிடுங்கள். காய்ந்தால் மாக்கோலம் மாதிரி தரையைப் பிடித்துக்கொள்ளும், சாயங்காலத்துக்குள் எறும்பும் வரிசை கட்டும்.