வீட்டு சர்வருக்குப் பணத்தை எங்கே போடுவது?

வீட்டில் ஒரு வலை சர்வர் வைக்க வேண்டும் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எந்த பிராசஸர்?" என்றுதான். என்னைக் கேட்டால் அது கடைசிக் கேள்வி. சில நூறு பேர் வந்து போகும் இணையதளத்துக்குப் பழைய நான்கு கோர் பிராசஸரே தாராளம். அது திணறுவதற்கு முன்பே இணைய இணைப்பின் அப்லோடு வேகம் கைவிரித்துவிடும்.

பணத்தைப் பவர் சப்ளையில் போடுங்கள். இரவு பகலாக ஓடும் இயந்திரத்தில் ஓய்வே இல்லாத பாகம் அது. மலிவானது சாகும்போது மதர்போர்டையும் டிஸ்க்கையும் கூடவே அழைத்துக்கொண்டு போகக்கூடும். '80 பிளஸ்' முத்திரையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மின்சாரம் வீணாகாத அளவைத்தான் சொல்கிறது, ஆயுளை அல்ல.

சும்மா இருக்கும்போது எத்தனை வாட் இழுக்கிறது என்றும் பாருங்கள். 10 வாட் கூடுதல் என்றால் ஆண்டுக்கு 87.6 யூனிட். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய பெரிய சர்வரை வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. (விசிறிச் சத்தம் வேறு; வீட்டார் மன்னிக்க மாட்டார்கள்.) அலுவலகங்கள் கழித்துவிடும் சிறிய கணினிகள்தான் என் தேர்வு.

ஈசிசி ரேம் (நினைவகத்தில் நேரும் சிறு பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் வகை)? கிடைத்தால் நல்லது, அதற்காக மதர்போர்டையே மாற்றுவது வீண். ஆனால் மெமரி கார்டில் இயங்குதளத்தை வைப்பதை ஒப்புக்கொள்ளவே மாட்டேன். லாக் (சர்வர் தன்னில் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு) எழுதி எழுதியே அந்தக் கார்டு தேய்ந்துவிடும். சிறிய எஸ்எஸ்டி போதும்.

இரண்டு டிஸ்க்கில் மிரர் ரெய்டு (ஒரே தரவை இரண்டிலும் ஒருசேர எழுதும் ஏற்பாடு) அமைத்தவர்கள் பேக்கப் இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அதே நொடியில் போய்விடும். மிச்சப் பணத்தில் ஒரு யூபிஎஸ்ஸும், வேறிடத்தில் வைக்க ஒரு வெளி டிஸ்க்கும் வாங்கிவிடுங்கள்.